இடது காது வெட்டிய கிடா

எங்கள் சபையில் பாவிகளுக்குக் குறைவே இருந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் எல்லாரும் ஒரே குரலில் தங்களைப் பாவிகள் என்று அறிக்கை செய்வார்கள். கோயிலைவிட்டு வெளியே வந்தபின், "நீர் இன்ன பாவம் செய்தீர்" என்று யாராவது ஒருவரைப் பார்த்துச் சொல்லிவிட்டால் போதும், மூன்று தலைமுறைக்குப் போக்குவரத்து அறுந்துபோகும். மொத்தமாகப் பாவியாக இருப்பதில் எவருக்கும் கூச்சமில்லை. சில்லறையாக இருக்கத்தான் யாரும் சம்மதிப்பதில்லை. நானும் சம்மதிக்காதவள்தான்.

நான் பாளையங்கோட்டைக்காரி. அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். ஆர்மோனியத்தில் நாலு பாட்டும் இங்கிலீஷில் நாலு வரியும் கற்றுக்கொண்டு, எனக்கு நிகர் யார் என்ற நினைப்போடு இருந்தவளை ஓர் உபதேசியாருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். குருவானவரை எங்கள் பக்கம் ஐயர் என்போம். அவர் மாதம் ஒருமுறை வில்வண்டியில் வந்து, அப்பமும் திராட்சரசமும் பகிர்கிற இராப்போஜனம் கொடுத்துவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் ஜெபம் நடத்தவும், பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லவும், செத்தவர்களை அடக்கம் பண்ணவும் உபதேசியார்தான். ஊர் அம்பாசமுத்திரத்துக்குக் கிழக்கே, கால்வாய்ப் பாசனத்தில் இருந்தது. ஓடு போட்ட கோயில், அதை ஒட்டி எங்கள் ஓலை வீடு, நடுவில் ஒரு பூவரச மரம். வானத்தில் வால் நட்சத்திரம் தெரிந்த வருஷத்துக்கு முந்தின வருஷம் நான் அங்கே போனேன். இந்தச் சங்கதி நடந்தது நட்சத்திரம் தெரிந்ததற்குப் பிந்தின வருஷம்.

என் வீட்டுக்காரர் மெலிந்த மனிதர். எதற்கும் அவசரப்படமாட்டார். கூரை ஒழுகினாலும் "பையப் பாத்துக்கிடலாம்" என்பார், குளத்தில் உடைப்பு எடுத்தாலும் அதையேதான் சொல்வார். அவரைக் கிண்டல் செய்வது எனக்குப் பொழுதுபோக்கு. பெரிய வெள்ளிக்கிழமை ஒரு நாள் மட்டும் என்னால் கிண்டல் செய்ய முடியாது. அன்றைக்கு அவர் பிரசங்கம் செய்தால் கல்லும் கரையும். "நீ செய்ததற்கு ஒருவர் பட்டாரே, நீ அப்போது எங்கே இருந்தாய்?" என்று கேட்டுவிட்டுச் சும்மா நிற்பார். கோயில் முழுக்க மூக்கு உறிஞ்சுகிற சத்தம் கேட்கும்.

எல்லாருக்கும் மேலே அழுவது சபை மூப்பர். ஊரில் பாதி வயல் அவருடையது. நெல் வியாபாரமும் உண்டு. மதம் பார்க்காமல் ஊரே அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். லெந்து நாற்பது நாளும் ஆண்டவருடைய பாடுகளை நினைத்து வெற்றிலையை விட்டுவிடுவார். விட்டதற்கு ஈடாக மூக்குப்பொடி மட்டை இரண்டு மடங்காகக் காலியாகும், வேலைக்காரர்கள் மூன்று மடங்கு ஏச்சு வாங்குவார்கள். அவருடைய தியாகத்தை அவரைத் தவிர மற்ற எல்லாரும் சுமந்தோம்.

இனி ஆட்டுக்கு வருகிறேன். பிசான நெல் அறுவடை முடிந்ததும் எங்கள் கோயிலில் ஸ்தோத்திரப் பண்டிகை. காணிக்கை ஆடுகளை அடித்து ஊர்ச் சபைக்கெல்லாம் அசனம் போடுவார்கள். பெரிய பெரிய செம்பில் சோறு பொங்கி, எல்லாரும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவதற்குத்தான் அசனம் என்று பெயர். காணிக்கைக்கு நேர்ந்த குட்டியின் காதில் ஒரு வெட்டுப் போட்டு விட்டுவிடுவார்கள். அது யார் கொல்லையில் மேய்ந்தாலும் விரட்டக்கூடாது. இந்த வழக்கம் எங்களுடையது அல்ல, சுடலைமாடனுடையது. மாடனுக்கு நேர்ந்த கிடாவுக்கும் காதில்தான் வெட்டு. எங்கள் ஆட்கள் வேதத்துக்கு வந்தபோது மாடனை விட்டார்கள், காது வெட்டுவதை விடவில்லை. முந்தின உபதேசியார் யாரோ ஒருவர், கடைசி நாளில் வலதுபக்கம் நிற்பவர்களுக்குத்தானே மோட்சம் என்று யோசித்து, ஆண்டவருக்கு வலது காது, மாடனுக்கு இடது காது என்று பிரித்து வைத்தார். வேதத்தில் அதைச் சொல்கிற உவமையில் வலதுபக்கம் நிற்பவை செம்மறிகள், வெள்ளாடுகள் எல்லாம் இடதுபக்கம் போய்த் தொலைகின்றன என்பது அவருக்கு நினைவில்லை. எங்கள் ஊரிலோ செம்மறியே கிடையாது.

எங்கள் வீட்டுக்கு நெல் குத்த ஒருத்தி வருவாள். மூப்பரின் வயலில் நடவும் களையெடுப்பும் அவளுக்கு வேலை. அவள் புருஷன் திருவாங்கூர் மலைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போய், இரண்டு வருஷத்தில் மஞ்சள் பூத்த கண்ணும் வீங்கின வயிறுமாகத் திரும்பி வந்திருந்தான். மலைக் காய்ச்சல். ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும், வந்தால் கட்டில் ஆடும். அவள் மாடன் கோயில் மண்ணை அள்ளி, இந்த உயிருக்குப் பதில் ஒரு உயிர் தருகிறேன் என்று சொல்லிக் கறுத்த குட்டி ஒன்றுக்கு இடது காதை வெட்டி விட்டாள். குட்டி கிடாவாக வளர வளர அவன் எழுந்து உட்கார்ந்தான், பிறகு நடந்தான். சித்திரைக் கடைசி வெள்ளியன்று மாடன் கோயில் திருவிழாவான கொடையில் கிடாவை வெட்டவேண்டும். வெட்டாவிட்டால், அவள் சொன்ன சொல்லை மாடன் கணக்கு வைத்துக்கொண்டு ஆளையே எடுத்துக்கொள்வார். இதை அவள் உலக்கை போட்டுக்கொண்டே சொல்வாள். நான் பாளையங்கோட்டைப் படிப்பு படித்தவளாயிற்றே, ஆட்டைக் கொன்றால் ஆள் பிழைப்பானா என்று சிரிப்பேன். ஒருவர் செத்ததால் நாங்களெல்லாம் பிழைத்தோம் என்று முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் ராகம் போட்டுப் பாடியிருப்பேன். இரண்டையும் சேர்த்து நினைக்க எனக்குத் தோன்றியதில்லை.

பண்டிகைக்கு முந்தின நாள் காணிக்கை ஆடுகளைப் பிடித்துக் கோயில் வளவில் கட்டவேண்டும். அந்த வருஷம் மூன்று ஆடு. அது உபதேசியார் வேலை. அவர் பக்கத்து ஊரில் ஒரு கிழவருக்கு ஜெபம் பண்ணப் போய்விட்டார், வழக்கம்போலப் பைய வந்தார். அவர் வருவதற்குள் நானே கட்டிவிட்டேன். இரண்டு ஆடு பூவரச மரத்தடியிலேயே நின்றன. மூன்றாவது, மூப்பர் நேர்ந்துவிட்ட கறுப்புக் கிடா. கால்வாய்க் கரையில் ஒரு கறுப்புக் கிடா நின்றது. அகத்திக்கீரையைக் காட்டினேன், என் முகத்துக்கு நேரே வந்து நின்றது. வெட்டு என் வலது கைப்பக்கம் இருந்தது. ஆண்டவருடைய ஆடு என்று கயிற்றைப் போட்டேன். எதிரே நிற்கிற ஆட்டுக்கு அது இடது காது என்பது, பூகோளமும் க்ஷேத்திரக் கணிதமும் படித்த என் மூளைக்கு எட்டவில்லை. பைய வந்தவரும் மறுநாள் அறுத்தவர்களும் ஆட்டை எண்ணினார்களே தவிரக் காதைப் பார்க்கவில்லை.

பண்டிகையில் காணிக்கை கொடுத்தவர்கள் பேரை வாசித்தார்கள். மூப்பர் பேர் வந்தபோது அவர் கையைக் கட்டிக்கொண்டு தலையைத் தாழ்த்தினார். அவருடைய கிடா அப்போது அவர் வீட்டுப் பின்னால் பலா இலை தின்றுகொண்டிருந்தது. மகள் கல்யாணத்துக்கு ஆகும் என்று அவர் அதை அனுப்பவே இல்லை. வேறெங்கிருந்தோ ஓர் ஆடு வந்து தன் பேரில் நிற்பதைப் பார்த்து, கர்த்தர் பார்த்துக்கொண்டார் என்று நினைத்தாரோ என்னவோ. அசனத்தில் மூன்று தடவை கறி வாங்கினார்.

ஆட்டுத்தலை உபதேசியார் வீட்டுக்கு என்பது முறை. மறுநாள் காலை நான் தலையை வாட்டுவதற்கு அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தேன். நெல் குத்த வந்தவள் வளவுச் சுவரில் காய்ந்த தோலைப் பார்த்தாள். அடுக்களைக்குள் வந்து தலையைப் பார்த்தாள். அதைத் தூக்கித் தன் முகம் பார்க்கிற மாதிரி அல்லாமல், ஆடு பார்க்கிற பக்கமே தானும் பார்க்கிற மாதிரிப் பிடித்து, இடது காதைத் தொட்டுக் காட்டினாள்.  உரலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். 

செய்தி ஊருக்குள் போக அரை நாழிகை ஆகவில்லை. முந்தின நாள் இலையை வழித்துச் சாப்பிட்டவர்களுக்கெல்லாம் மறுநாள் குமட்டல் வந்தது. பேய்க்கு நேர்ந்ததைத் தின்றுவிட்டோமே என்று ஒருவர் சுக்குக் கஷாயம் குடித்தார், பெண்கள் செம்புகளைப் புளி போட்டு மூன்று தடவை விளக்கினார்கள். மாடன் என்று ஒன்று கிடையாது என்று முப்பது வருஷமாகப் பிரசங்கம் கேட்டவர்கள் அன்று பொழுது சாய்ந்தபின் கொல்லைப்பக்கம் தனியாகப் போகவில்லை. அவள் கிடாவைப் பற்றி மட்டும் எவரும் பேசவில்லை.

அவள் புருஷனுக்கு மறுபடி காய்ச்சல் கண்டது. கிடா போன செய்தியே அவனைப் படுக்க வைத்துவிட்டது என்று நான் இன்றைக்கும் நினைக்கிறேன். கொடைக்கு ஒன்பது நாள் இருந்தது. அவள் கோயில் வாசலில் வந்து நின்றாள். சபைப் பஞ்சாயத்து கூடியது, ஒரு தடவை அல்ல, மூன்று தடவை. தின்றது தின்றதுதான், ஒரு கிடா கொடுத்துவிடலாம் என்றார் ஒருவர். கொடுத்தால் அது மாடனுக்குத்தானே போகும், சபையே விக்கிரகத்துக்குப் பலியிட்டதாகிவிடுமே என்றார் மூப்பர். அவள் புருஷனுக்காக ஊக்கமாக ஜெபிக்கலாம் என்று முடிவாயிற்று. ஜெபியுங்கள், கிடாவையும் கொடுங்கள் என்றாள் அவள். ஒரு பெட்டைக்கோழி கொடுத்துப் பார்க்கலாம் என்று இன்னொருவர் சொன்னார், மாடனைக் கோழியால் ஏமாற்றிவிடலாம் என்பதுபோல. மூன்றாம் தடவை எல்லாரும் எழுந்து துண்டை உதறும்போது அவள் வாசல்படியில் நின்று சொன்னாள்.

"உங்களுக்காக உங்க சாமி தன் ஆட்டையே விட்டுக்குடுத்தாருன்னு பாடுதீயளே. நீங்க தின்ன ஆட்டுக்கு ஒரு ஆடு குடுக்க உங்களுக்கு மனசு வரலையே."

 மூப்பர் செருப்பைத் தேடினார்.

அன்று மத்தியானம் என் வீட்டுக்காரர் வேகமாக நடந்ததை முதல் தடவையாகப் பார்த்தேன். நானும் பின்னாலேயே போனேன், வேடிக்கை பார்க்கத்தான். நேரே மூப்பர் வீட்டுப் பின்புறம் போனார். வலது காது வெட்டிய கறுப்புக் கிடா முளையில் கட்டி நின்றது. மூப்பர் உள்ளேயிருந்து வந்தார்.

"என்ன வே உபதேசியாரே, ஆண்டவருக்கு நேந்த ஆட்டப் பேய்க்குக் குடுக்கதுக்கு என்னைய ஆளாக்கப் பாக்கீரா?"

"இது உங்க ஆடு இல்ல அண்ணாச்சி. கோயிலுக்கு நேந்தாச்சு, உங்க பேரையும் வாசிச்சாச்சு. கோயில் ஆட்டக் கோயிலுக்குக் கொண்டுபோறேன்."

பக்கத்து வீட்டுப் பெண்கள் வேலிக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டிருந்தார்கள். மூப்பர் முளையைவிட்டு விலகி நின்றார். கிடா கோயில் வளவுக்கு வந்தது, பூவரச மரத்தடியில் ஒரு நிமிஷம் நின்றது. பிறகு என் வீட்டுக்காரர் கயிற்றை, அங்கே காத்திருந்த நெல் குத்துகிறவள் கையில் கொடுத்தார். வலது காது வெட்டியதை மாடன் ஏற்றுக்கொள்வாரா என்று நான் கேட்டேன். மாடன் காதைப் பார்க்கமாட்டார், உயிரைத்தான் பார்ப்பார் என்று சொல்லிவிட்டு அவள் இடது காதிலும் ஒரு வெட்டுப் போட்டாள். எங்கள் ஊர் சரித்திரத்தில் இரண்டு தரப்புக்கும் சொந்தமாக இருந்த ஆடு அது ஒன்றுதான்.

கொடை நடந்தது. அவன் பிழைத்தான். மாடன்தான் காப்பாற்றினார் என்றாள் அவள். சபையார் மூன்று கூட்டத்தில் செய்த ஜெபம் என்றார் மூப்பர். மிஷன் ஆஸ்பத்திரியிலிருந்து என் வீட்டுக்காரர் வாங்கிக்கொடுத்துக்கொண்டே இருந்த, மலைக் காய்ச்சலுக்கான கொயினா மருந்துப் பொட்டலத்தைப் பற்றி ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை, அவர் உட்பட.

மூப்பர் ஐயருக்கு எழுதிப்போட்டார். மாதக் கடைசியில் வில்வண்டி வந்தது. ஆராதனை முடிந்ததும் கதவைச் சாத்தி விசாரணை வைத்தார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் பாயில் உட்கார்ந்திருந்தோம். ஐயர் கேட்டது இரண்டே கேள்வி. கோயில் ஆட்டை மாடனுக்குக் கொடுத்தது யார்? என் வீட்டுக்காரர் எழுந்து, நான்தான் என்றார். அதை ஊரே பார்த்திருந்தது. மாடன் ஆட்டைக் கோயில் வளவில் கட்டிச் சபையாருக்கு ஊட்டியது யார்?

என் வீட்டுக்காரர் பெண்கள் பக்கம் திரும்பினார். என்னைப் பார்த்தார் என்று எனக்குத் தெரியும். நான் பாயில் எத்தனை கோரை ஓடுகிறது என்று எண்ணிக்கொண்டிருந்தேன். பாளையங்கோட்டை வாத்தியார் மகளுக்கு வலது எது இடது எது என்று தெரியவில்லை என்று இந்தப் பட்டிக்காட்டார் முன்னால் எழுந்து நின்று சொல்வதா? இரண்டு வருஷமாக இவர்களுடைய அறியாமையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தவள் நான்.

"அதையும் நாந்தான் கட்டினேன்" என்றார்.

அன்று காலையில் நீர் பக்கத்து ஊருக்குப் போயிருந்தீரே என்று யாரோ கேட்டார்கள். போவதற்கு முன்னால் கட்டினேன் என்றார். எனக்குத் தெரிந்து அவர் கோயிலுக்குள் நின்று சொன்ன ஒரே பொய் அதுதான், அதை எனக்காகச் சொன்னார். ஆறு மாதம் இராப்போஜனம் இல்லை, ஆராதனை நேரத்தில் வாசலுக்கு வெளியே நிற்கவேண்டும், பிறகு செம்மணல் தேரிக்காட்டுப் பக்கம் மாற்றம் என்று தீர்ப்பாயிற்று. அதுவரை ஜெபம் வாசிக்கும் வேலையை மூப்பர் ஏற்றுக்கொண்டார். அவருக்கு அதற்கும் கண்ணீர் வந்தது.

வீட்டுக்கு வந்து சோறு போட்டேன். சும்மா இருந்திருக்கலாம். என் நாக்கு சும்மா இருக்காது. பெரிய வெள்ளிப் பிரசங்கத்தை நடித்தே காட்டிவிட்டீர்களே என்றேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, கோபமில்லாமல் சொன்னார்.

"நீ எந்திப்பன்னு நெனச்சேன்."

அவ்வளவுதான். தானாகவே சுமக்கவேண்டும் என்று அவர் எழுந்து நிற்கவில்லை. எழுந்தபின், அவர் இல்லை, நான்தான் என்று நான் எழுந்து சொல்வேன் என்று எதிர்பார்த்திருக்கிறார். மனமுவந்து பலியாகிறவர்களைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். அப்படிப் பலியாகிறவர் கடைசி நிமிஷம்வரை நம் முகத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பார் என்று எவரும் சொல்லித்தந்ததில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. மறுநாள் ஐயருக்கு உண்மையை எழுத உட்கார்ந்தேன். அழகான கையெழுத்தில் தேதி போட்டேன், "கனம் பொருந்திய ஐயர் அவர்களுக்கு" என்று போட்டேன். அதற்குமேல் ஓடவில்லை. அந்தத் தாள் அடுப்புப் பற்றவைக்க உதவியது.

அடுத்த மாதம் இராப்போஜன ஞாயிறு வந்தது. நான் வெள்ளைச் சேலை கட்டி, முக்காடு போட்டு, முன்வரிசைக்குப் போனேன். அப்பமும் ரசமும் எனக்கு வந்தன. எனக்காக ஒருவர் பட்டார் என்று ஐயர் சொன்னார், எல்லாரும் போலவே நானும் ஆமென் என்றேன். வெளியே ஆனி மாதத்துச் சாரல் காற்று பூவரச இலையை அடித்துக்கொண்டிருந்தது. அவர் வாசலுக்கு வெளியே, செருப்புகள் கிடக்கிற இடத்தில், கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

ஆராதனை முடிந்து மூப்பர் அவரைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்துக்கொண்டு போனார். மற்றவர்களும் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்கள். நெல் குத்துகிறவள் மட்டும் ஒரு பூசணிக்காயை இடுப்பில் வைத்துக்கொண்டு மரத்தடியில் நின்றாள். புருஷன் எழுந்து நடமாடி, வீட்டுக்குப் பின்னால் போட்ட கொடியில் முதல் காயாம். என்னைக் கண்டதும் கிட்டே வந்து, அவர் காதில் விழாமல் கேட்டாள்.

"ஐயா எதுக்கும்மா அங்கன வெளிய நிக்காவ?"

"வேற ஒரு ஆளு செஞ்ச தப்புக்கு."

"எங்க கிடாவப் பிடிச்சுக் கட்டுனதுக்கா?"

"ஆமா."

"அப்ப அந்த ஆளு எங்கம்மா?"

சபையாரிடமோ ஐயரிடமோ சொல்ல வராதது, எங்கள் வேதத்தில் சேராத அவளிடம் எப்படியோ வந்துவிட்டது.

"உள்ள இருந்தா. இராப்போஜனம் வாங்கிட்டு இப்பத்தான் வெளிய வாறா."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். கொண்டுவந்த பூசணிக்காயை வாங்க நான் கையை நீட்டினேன். அவள் என் கையில் தரவில்லை. அவர் காலடியில் பைய வைத்துவிட்டுப் போனாள்.